மலைப்பாதையே உரைகல்: இலங்கையில் சொகுசுக் காரின் விலையும் பெறுமதியும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் கொழும்பின் காட்சியறைகளுக்கு வந்து சேர்ந்த சொகுசுக் கார்களைப் பற்றிய பேச்சு மூன்று கேள்விகளைச் சுற்றி நடக்கிறது. எந்தக் காரின் வடிவம் அழகு? எந்த நிறுவனத்தின் எந்த மாடலை எடுப்பது புத்தி? கேட்கிற விலைக்கு அது தகுமா? கேள்விகள் சரியானவை. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் காட்சியறையின் பளபளப்பிலும் அதிவேகப் பாதையின் சமதளத்திலும் வைத்துச் சொல்லப்படுபவை. இந்த நாட்டின் நடுப்பகுதி முழுவதும் மலை. கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று வெட்டப்பட்ட குறுகிய பாதைகளின் வழியேதான் இன்றும் அங்கே போய்வர வேண்டும். ஆகவே சொகுசுக் காரை மதிப்பிட ஒரு மலைப்பாதையையே உரைகல்லாக எடுத்துக்கொள்வது பொருத்தம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறி, இலுக்கும்புர, பல்லேகம பக்கம் இறங்கும் பாதை அதற்கு மிகத் தகுந்தது. அந்தப் பாதையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: இலங்கையில் சொகுசுக் காரின் விலையை வரி தீர்மானிக்கிறது, மாடலையும் வரியே தேர்ந்தெடுக்கிறது, வடிவத்தை வேறு நாட்டின் சாலை வரைகிறது. இங்குள்ள பயணிக்குக் கிடைக்கும் உண்மையான சுகம் இந்த மூன்றிலும் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

பாதையின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்குள் பாதை ஆயிரம் மீட்டர் அளவுக்கு மேலேறுகிறது. ரத்தோட்டைக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்கள், பைன் மரங்கள், பிறகு நக்கிள்ஸ் காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் இந்த நக்கிள்ஸ் வனம் ஒன்று. மழை மிகுந்த சரிவும் வறண்ட சரிவும் சந்திக்கும் முகடு ரிவர்ஸ்டன். அதனால் அங்கே காற்று பலமாக வீசும், நல்ல வெயில் நேரத்திலும் சில நிமிடங்களில் பனிமூட்டம் பாதையை மூடிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். எதிரே வாகனம் வந்தால் ஒருவர் ஓரங்கட்டி நிற்க வேண்டிய இடங்கள் பல. இத்தனையும் உள்ள பாதையில் பஸ்ஸும் போகிறது, முச்சக்கரவண்டியும் போகிறது, மரக்கறி ஏற்றிய லொறியும் போகிறது. பஸ் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் அகலமே காருக்கு உரியது என்பதுதான் இந்தப் பாதையின் எழுதப்படாத சட்டம்.

முதலில் விலையைப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இறக்குமதியாகும் காருக்கு 20 சதவீத சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிகக் கட்டணமும் உண்டு. அடுத்தது உற்பத்தி வரி. பெற்றோல், டீசல் கார்களுக்கு அது எஞ்சின் கொள்ளளவின் ஒவ்வொரு சிசிக்கும் இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. எஞ்சின் பெரிதாக ஆக, ஒரு சிசிக்கான வீதமும் ஏறுகிறது. இவற்றோடு 18 சதவீத பெறுமதிசேர் வரி. கடைசியாகச் சொகுசு வரி: துறைமுகத்தில் வந்து இறங்கும் பெறுமதி 50 இலட்சம் ரூபாயைத் தாண்டும் பெற்றோல் காருக்கு, தாண்டிய தொகை முழுவதற்கும் 100 சதவீதம். ஒன்றரைக் கோடி ரூபாய்ப் பெறுமதியில் ஒரு பெற்றோல் கார் வந்து இறங்கினால், சொகுசு வரி மட்டுமே ஒரு கோடி. மற்ற வரிகளைச் சேர்த்தபின் வாங்குபவர் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு காருக்குப் போவதில்லை, திறைசேரிக்குப் போகிறது. அரசுக்கு அந்தப் பணம் தேவை, பணம் உள்ளவரிடம் அதை வாங்குவதும் நியாயம். ஆனால் இதன் விளைவாக, விலையைப் பார்த்துக் காரின் தரத்தை ஊகிக்கும் பழக்கம் இங்கே அர்த்தமற்றுப் போகிறது. நான்கு கோடி ரூபாய்க் கார் இரண்டு கோடி ரூபாய்க் காரைவிட இரு மடங்கு நல்லது என்று எவரும் வாதிட முடியாது. அந்த இடைவெளியில் எவ்வளவு இருக்கை, எவ்வளவு இரும்பு, எவ்வளவு வரி என்று பிரித்துப் பார்க்காமல் வாய்திறக்கக் கூடாது.

விலையைக் குழப்பிய இன்னொரு காரணம் தட்டுப்பாடு. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் நாட்டிற்குள் இருந்த கார்கள் பழசாக ஆக விலை ஏறின. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம் சில வாரங்களில் 360 ரூபாய் அளவுக்குச் சரிந்தபோது, காரை வைத்திருந்தவர் பணத்தை வங்கியில் வைத்திருந்தவரைவிடப் பிழைத்துக்கொண்டார். அந்த அனுபவம் மக்கள் மனத்தில் ஒரு கணக்கை ஆழமாகப் பதித்துவிட்டது: சொகுசுக் கார் ஒரு சேமிப்பு, நிலம் போல, நகை போல. ஆனால் அந்த விலையேற்றத்தைத் தந்தது துறைமுகத்தின் மூடிய கதவும் ரூபாயின் வீழ்ச்சியும். காரின் தகுதிக்கு அதில் பங்கில்லை. அதே 2022இல் நடைமுறைக்கு வந்த தேசிய எரிபொருள் அட்டையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தொடக்கத்தில் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர். ஆயிரம் சிசி காருக்கும் அதே 20, எட்டு சிலிண்டர் ஜீப்புக்கும் அதே 20. சிறிய கார் அந்த எண்ணெயில் மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்குப் பலமுறை போய்வரும். பெரிய ஜீப்பின் உரிமையாளர் ஒவ்வொரு ஏற்றத்திலும் எரிபொருள் முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது. விற்பனை விலை உச்சத்தில் இருந்த அதே மாதங்களில் அந்தக் காரின் பயன் அடிமட்டத்தில் இருந்தது. விலையும் பெறுமதியும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற காலம் வேறொன்று இந்நாட்டில் இல்லை.

மாடல்களின் அணிவகுப்புக்கு வருவோம். ஒரு சொகுசு நிறுவனம் எந்தெந்த மாடலைச் செய்வது என்பதை ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ முடிவு செய்யலாம். அவற்றில் எது கொழும்பில் ஓடும் என்பதை முடிவு செய்வது வரி அட்டவணை. கடந்த பத்தாண்டில் இங்கே பரவலாகக் கண்ணில்பட்ட ஐரோப்பியக் கார்களை எண்ணிப் பாருங்கள்: ஒரு லீற்றருக்கு ஒரு சிசி குறைவான எஞ்சினோடு வந்த ஆடி ஏ3, கியூ2, ஒன்றரை லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்த பி.எம்.டபிள்யூ. 318ஐ, 2018இல் ஒன்றரை லீற்றர் எஞ்சினுக்கு இறங்கிய மெர்சிடிஸ் சி 200. ஹைபிரிட்டுக்குச் சலுகை இருந்தபோது மின்செருகியுள்ள பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 குவிந்தது. இந்த மாடல்கள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. சிறிய டர்போ எஞ்சின்கள் மலையேறத் தேவையான இழுவையை நன்றாகவே தருகின்றன. ஆனால் வாங்குபவர் தேர்ந்தெடுத்தது காரையா, வரிப் படியையா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டாவதுதான். மின்சாரக் கார்களுக்கும் இதே கதை தொடர்கிறது. அங்கே கணக்கு கிலோவாட்டில். 2025இல் இறக்குமதியான சில மின்சாரக் கார்களின் மோட்டார்த் திறன் எத்தனை கிலோவாட் என்ற தகராறு சுங்கத்திலிருந்து நீதிமன்றம்வரை சென்றது. ஒரு காரின் இயல்பைவிட அதன் படிவத்தில் எழுதப்படும் எண் முக்கியமாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறுவனங்களும் இந்தக் குழப்பத்துக்குத் தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன. ஒரு காலத்தில் மெர்சிடிஸ் 200 என்றால் இரண்டு லீற்றர், பி.எம்.டபிள்யூ. 320 என்றால் இரண்டு லீற்றர் என்று படித்துக்கொள்ளலாம். இன்று பின்பக்கம் பதித்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் எஞ்சினுக்கும் தொடர்பில்லை. 2017இல் ஆடி தன் கார்களுக்கு 40, 45 என்று திறன் எண்களைச் சூட்டத் தொடங்கியது, அது வாங்குபவருக்கு எதையும் விளக்கவில்லை. மெர்சிடிஸ் மின்சாரக் கார்களுக்கென்று ஈ.கியூ. என்ற தனிக் குடும்பத்தை உருவாக்கிவிட்டு, பிறகு மின்சாரக் கார்களையும் பழைய வகுப்புப் பெயர்களுக்குள்ளேயே கொண்டுவரும் வழிக்குத் திரும்பியது. 2022இல் அதே நிறுவனம் சிறிய மாடல்களைக் குறைத்து, உயர்விலை மாடல்களில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்தது. இலாபக் கணக்கில் அந்த முடிவு சரியாக இருக்கலாம். இலங்கை போன்ற நாட்டுக்கு அது பாதகம். நம் பாதைக்குப் பொருந்துபவை அந்தச் சிறிய சொகுசுக் கார்களே. சிறிய உடலில் நல்ல இருக்கை, அமைதி, நுண்ணிய வேலைப்பாடு, உறுதியான பாதுகாப்பு ஆகியவற்றை வைத்துத் தரும் கார்தான் இங்கே மிகவும் தேவைப்படுவது. நிறுவனங்கள் அந்தப் படியையே கைவிடுகின்றன.

இனி வடிவம். சொகுசுக் கார்கள் எவ்வளவு பெருத்துவிட்டன என்பதை இலக்கங்களே சொல்லும். 1970இல் வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரின் அகலம் சுமார் 178 சென்டிமீட்டர். 2021இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையின் அகலம், பக்கக் கண்ணாடிகளை மடக்கினாலும், ஏறத்தாழ 205 சென்டிமீட்டர். 1977இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையின் நீளம் 4.86 மீட்டர், இன்றையது 5.39 மீட்டர். ஐரோப்பாவின் அகன்ற நெடுஞ்சாலையில் இந்த வளர்ச்சி உள்ளே இருப்பவருக்கு இடம் தருகிறது. ரிவர்ஸ்டன் வளைவில் பஸ்ஸுக்கு எதிரே நிற்கும்போது, கூடிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஓட்டுநரின் நெஞ்சில் ஏறும் பாரம். சக்கரங்களும் அப்படித்தான். முதல் ரேஞ்ச் ரோவரில் 16 அங்குலச் சக்கரம், இன்று 23 அங்குலம்வரை கிடைக்கிறது. சக்கரம் பெரிதாகும்போது டயரின் ரப்பர்ச் சுவர் குறுகுகிறது. மழை அரித்த பாதை விளிம்பில் விழும்போது அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த ரப்பர்தான். அது மெலிந்துபோனால் அடி றிம்முக்கும், அங்கிருந்து பயணியின் முதுகுக்கும் போகிறது. காட்சியறையில் கம்பீரமாகத் தெரியும் பெரிய சக்கரம், மலையில் சொகுசைத் தின்றுவிடுகிறது.

பார்வையும் கைப்பழக்கமும் அதே அளவு முக்கியம். இன்றைய சொகுசுக் கார்களில் கண்ணாடிகள் ஒடுங்கி, தூண்கள் தடித்து, முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது. முகம் மிரட்டலாக இருக்க வேண்டும் என்ற மோகம் ஒரு காரணம், விபத்துப் பாதுகாப்பு விதிகள் இன்னொரு காரணம். இரண்டாவதை மதிக்க வேண்டும். எனினும் வளைவின் உட்பக்கம் நடந்துவரும் பாடசாலைப் பிள்ளையைத் தூண் மறைத்தால், அந்தப் பாதுகாப்பு உள்ளே இருப்பவருக்கு மட்டுமே. கமெரா உதவும் என்பார்கள். பனித்துளி படிந்த வில்லையால் தெளிவாகப் பார்க்க முடியாது. பொத்தான்களை நீக்கி எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் அடைத்ததும் இதே தவறு. முகட்டில் பனிமூட்டம் திடீரென்று சூழும்போது கண்ணாடியின் ஈரத்தை நீக்கும் விசையைக் கை தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் திரைக்குள் பட்டியல் பட்டியலாகப் போக முடியாது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனை 2026 முதல், சமிக்ஞை விளக்கு, துடைப்பான், ஹோர்ன் போன்றவற்றுக்குத் தனி விசைகள் இருப்பதை முழு மதிப்பெண்ணுக்கு எதிர்பார்க்கிறது. மலைப்பாதை ஓட்டுநர்கள் என்றோ சொல்லியிருக்கக்கூடியதை அந்தச் சோதனைக்கூடம் இப்போது ஏற்றுக்கொள்கிறது.

பழைய கார்களை இங்கே ஒப்பிடுவது ஏக்கத்தினால் அன்று, ஒரு வடிவக் கொள்கையை நினைவூட்டவே. 1976 முதல் பத்தாண்டுகாலம் ஏறத்தாழ 27 இலட்சம் எண்ணிக்கையில் செய்யப்பட்ட மெர்சிடிஸ் டபிள்யூ 123ஐ எடுத்துக்கொள்வோம். 179 சென்டிமீட்டர் அகலம், 14 அங்குலச் சக்கரம், தடித்த டயர், மென்மையான சுருள்வில், நாலாபுறமும் பார்க்கக்கூடிய கண்ணாடி. சாதாரண கராஜ் மெக்கானிக் பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சின். உலகம் முழுக்க வாடகைக் காராகவும் அமைச்சர் காராகவும் ஒரே உடல் ஓடியது. முதல் ரேஞ்ச் ரோவரும் இதே அறிவின் விளைவு. உட்புறத்தை நீர் அடித்துக் கழுவக்கூடிய பண்ணை வண்டியாகப் பிறந்து, அதன் வடிவ நேர்த்திக்காகப் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்டது. பயனிலிருந்து பிறந்த அழகு நீடிக்கும் என்பதற்கு இரண்டும் சான்று. இன்று விபத்துப் பாதுகாப்பிலும் புகைக் கட்டுப்பாட்டிலும் அவை பல படி பின்தங்கியவை, அவற்றுக்குத் திரும்பிப் போக முடியாது. ஆனால் அளவான உடல், தடித்த டயர், திறந்த பார்வை, பழுதுபார்க்கும் வசதி என்ற நான்கையும் இன்றைய தொழில்நுட்பத்தோடு சேர்ப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. குறிப்பாகப் பழுதுபார்ப்பு. காற்று சஸ்பென்ஷன் உள்ள கார் மாத்தளையில் உட்கார்ந்துவிட்டால், கொழும்புக்கு ஏற்றிப் போக வேண்டும், உதிரிப்பாகம் டொலரில் வர வேண்டும். பத்தாவது ஆண்டில் அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்காத கணக்கு, பெறுமதிக் கணக்கு ஆகாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் மூன்று கனமானவை. முதலாவது, மலைக்குப் பெரிய நான்குசக்கர ஜீப்தான் பொருத்தம், சிறிய காரைச் சிபாரிசு செய்வது விபரீதம் என்பது. ரிவர்ஸ்டனிலிருந்து காட்டுத்தடங்களில் இறங்குபவருக்கு இது உண்மை. ஆனால் ரத்தோட்டை–இலுக்கும்புர பாதை தார் போட்டது. அதில் சேவை பஸ் ஓடுகிறது. நான்கு சக்கர இழுவை அகலத்தைக் கேட்பதில்லை, சிறிய உடலிலும் அதை வைக்கலாம் என்பதை ஜப்பானியச் சிறிய ஜீப்கள் பல பத்தாண்டுகளாக மெய்ப்பித்து வருகின்றன. மேலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டின் சரிவுகளைப் புரட்டிப் போட்டபோது தெரிந்ததுபோல, பாதையே அறுந்து போனால் எந்த ஜீப்புக்கும் வழியில்லை. இறக்குமதி வரியில் ஒரு பங்கு மலைப்பாதைகளின் தாங்கு சுவருக்கும் வடிகாலுக்கும் செலவானால், அதுவே எல்லா வாகனத்துக்கும் கிடைக்கும் சொகுசு.

இரண்டாவது மறுப்பு ஆழமானது: சொகுசுக் கார் பயணத்துக்காக வாங்கப்படுவதில்லை, அந்தஸ்துக்காக வாங்கப்படுகிறது, ஆகவே பாதையில் வைத்துச் சோதிப்பதே பிழை என்பது. இதில் உண்மை உண்டு. கலியாண வீட்டு வாசலில் வந்து நிற்கும் காருக்குச் சமூகத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அந்தஸ்தின் தோற்றத்தை இங்கே பெரும்பாலும் வகுத்தவர்கள், அந்த விலையைக் கொடுக்காதவர்கள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் நெடுங்காலம் வழங்கப்பட்டது. அதிகார வாகன அணியில் பிராடோவும் லான்ட் குரூசரும் முன்னே போக, அந்தப் பேருருவமே கௌரவம் என்ற எண்ணம் பரவியது. அந்த அனுமதிப்பத்திர வழக்கத்தை இப்போதைய அரசாங்கம் கைவிட்டதும், 2025இல் ஜனாதிபதிச் செயலகத்தின் சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றதும் சிக்கனத்துக்கு மேலான பொருள் கொண்டவை. அந்தஸ்தின் அளவுகோல் மாற்றக்கூடியது என்பதை அவை காட்டுகின்றன. முகட்டில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு, உள்ளிருக்கும் முதியவரின் முதுகு நோகாமல் இறக்கிக் கொண்டுபோகும் காருக்குக் கௌரவம் சேர்வது நடக்காத காரியமன்று.

மூன்றாவது, மின்சாரம் வந்துவிட்டது, பழைய கணக்குகள் இனிச் செல்லாது என்பது. மின்சாரக் காருக்கு மலையில் உண்மையான நன்மைகள் உண்டு. ஏற்றத்தில் இழுவை குறையாது. இறக்கத்தில் மோட்டாரே பிரேக் போல வேலைசெய்து மின்கலத்துக்குச் சக்தியைத் திருப்பித் தரும். காட்டுக்குள் சத்தம் இருக்காது. ஆனால் பெரிய சொகுசு மின்சாரக் கார்கள் இரண்டரைத் தொன் எடையைத் தாண்டுகின்றன. அந்த எடை டயரையும் பாதையின் விளிம்பையும் தேய்க்கும். 2021இல் வந்த மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். காற்றைக் கிழிப்பதில் 0.20 என்ற அரிய காற்றுத்தடைக் கெழுவை எட்டியது. அதிவேகப் பாதையில் அது பெரும் சாதனை. வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகும் மலையில் அந்த வடிவத்தின் பலன் குறைவு, எடையின் சுமை முழுவதும் மிஞ்சும். ஆகவே மின்சாரம் என் வாதத்தை மாற்றவில்லை, கூர்மையாக்குகிறது: அளவும் எடையும் அடக்கமாக இருந்தால் மின்சாரமே நாளைய மலைச் சொகுசு.

இவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. அரசுக்கு: சொகுசு வரி தொடரட்டும், ஆனால் எஞ்சின் சிசியையும் மோட்டார் கிலோவாட்டையும் மட்டும் பார்க்கும் முறை, இலக்கத்தைச் சுருக்கிக் காரைப் பெருக்கும் மாடல்களுக்கே வழிவிடுகிறது. பிரான்ஸ் 2022 முதல் கார்களின் எடைக்கும் வரி விதிக்கிறது. குறுகிய பாதைகள் நிறைந்த இலங்கை எடையையும் அகலத்தையும் கணக்கில் எடுத்து, விபத்துப் பாதுகாப்பு வசதிகளுக்குச் சலுகை தந்தால், நிறுவனங்களின் முகவர்கள் இந்த நாட்டுக்கு ஏற்ற மாடல்களைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரும். வாங்குபவருக்கு: விலைப்பட்டியலிலிருந்து வரியைப் பிரித்துவிட்டு மீதியைப் பாருங்கள். கண்ணாடிகளோடு சேர்த்த அகலம், டயர்ச் சுவரின் உயரம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் வெளி, பத்தாவது ஆண்டின் உதிரிப்பாகச் செலவு ஆகிய நான்கையும் கேளுங்கள். முடிந்தால் காட்சியறையைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், பின்னிருக்கையில் பெற்றோரை வைத்து ஒரு மலைப்பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறும் காருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. தேறாத கார் எத்தனை கோடியானாலும், அந்தக் கோடிகள் வாங்கித் தந்தது வரி இரசீதும் ஓர் இலச்சினையுமே.